இடது காதில் கேட்ட வசனம்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முழுக்கக் கேட்டு முடித்ததும் நீங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பீர்கள், பார்த்துவிட்டுப் போங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. நாடகக் கம்பெனியில் பேயாகவே நடித்தவன் நான். வெள்ளைத் துணியைச் சுற்றி, கண்ணுக்குக் கீழே கரியைத் தீட்டி, சாம்பிராணிப் புகைக்கு நடுவில் நின்றால் முன்வரிசையில் பெண்கள் குழந்தையை இழுத்து அணைத்துக்கொள்வார்கள், எனக்கோ உள்ளே புகை தாங்காமல் இருமல் முட்டிக்கொண்டு வரும். அப்படிப்பட்டவனுக்குப் பேயிடம் என்ன பயம் வரும், நீங்களே சொல்லுங்கள்.

சொந்த ஊர் திருக்கனூர். கரும்பு வெட்டுகிற குடும்பம். பையனுக்குக் குரல் நன்றாக இருக்கிறது என்று சின்ன வயதிலேயே கம்பெனியில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். பெண் வேஷம் கட்டினேன், பாடினேன், கைதட்டலும் வாங்கினேன். மீசை அரும்புகிற வயதில் மகரக்கட்டு உடைந்தது, குரல் உடைவதைத்தான் கம்பெனியில் அப்படிச் சொல்வோம். சில பேருக்கு உடைந்த குரல் மறுபடி கூடி வரும், அவர்கள் கதாநாயகன் வேஷம் கட்டுகிற ராஜபார்ட் ஆகிவிடுவார்கள். எனக்குக் கூடவில்லை, தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஆகிவிட்டது. நாடகம் சொல்லித்தருகிற வாத்தியார் கூப்பிட்டு, இனிமேல் உனக்குக் கிழவன் வேஷம்தான் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ராத்திரி அழுதேன், மறுநாளிலிருந்து கிழவனாகிவிட்டேன். மந்திரி, பூசாரி, கதாநாயகியின் தகப்பன், வாயிற்காப்போன், எது மிச்சமோ அது எனக்கு. வேஷம் இல்லாத நேரத்தில் படுதாக் கயிறு இழுப்பேன். இழுத்து இழுத்து உள்ளங்கை இரண்டும் மரக்கட்டை மாதிரி காய்த்துப் போயிருந்தது. கதைக்கு அந்தக் கை முக்கியம், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது தெரியாவிட்டால் மேற்கொண்டு விளங்காது. எங்கள் கம்பெனியில் வசனம் எடுத்துக்கொடுக்கிற பிராம்டர் ஒருவர் உண்டு, பெயர் பஞ்சு. மேடைக்கு இடது பக்கத் தட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, நடிகன் தடுமாறினால் அடுத்த வரியைக் கிசுகிசுப்பார். நடிப்பவன் அவர் பக்கம் திரும்பவே கூடாது, அது கம்பெனிச் சட்டம். ஒரு தடவை கண்ணை ஓரமாக உருட்டினால்கூட உள்ளே போனதும் வாத்தியாரின் பிரம்பு தொடையில் விழும். வாங்கி வாங்கி எங்களுக்கு எல்லாம் ஒரு பழக்கம் வந்துவிட்டது. இடது காதில் வரி விழும், வாய் அதைச் சொல்லும், இரண்டுக்கும் நடுவில் யோசனை என்கிற ஒன்று கிடையாது. சில நாள் நாடகம் முடிந்தபிறகு, இன்றைக்கு எனக்கு வசனம் எடுத்துக் கொடுத்தாயா என்று பஞ்சுவையே கேட்பேன், அவ்வளவு தெரியாமல் நடக்கும்.

எங்கள் பக்கத்தைப் பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். ஒரு மாசி மாதம், அறுவடை முடிந்து சனங்களின் வீட்டில் நெல் இருக்கிற சமயமாகப் பார்த்து, பாகூரில் கொட்டகை போட்டோம். கடலூர்ப் பக்கமிருந்து வரும்போது எல்லைச் சாவடியில் பெட்டிகளைத் திறக்கச் சொல்லி, அட்டைக் கிரீடத்தைக் காவல்காரன் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்து, சீ என்று திரும்பப் போட்டான். ஊர் அதிகாரியான மேர் வீட்டுக்குப் போய் அனுமதி வாங்கினோம். நாடகம் நன்றாகவே போனது, ஏரிக்கரைக் காற்றும் சுகமாக இருந்தது.

ஒரு நாள் காலையில் ஒரு பெண்மணி கொட்டகைக்கு வந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், பெயர் அஞ்சலை. வயல் வேலையிலிருந்து நேராக வந்த மாதிரி சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். வாத்தியார் முன்னால் நின்று, சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள். அவள் அப்பா வைத்திலிங்கம் சாகக் கிடக்கிறார். இன்றைக்கோ நாளைக்கோ என்று சொல்லிச் சொல்லி அமாவாசையும் தாண்டிவிட்டது, உயிர் போகமாட்டேன் என்கிறது. பால் ஊற்றிப் பார்த்தார்கள், சொந்த நிலத்து மண்ணைக் கரைத்து ஊற்றினார்கள், பொன்னை உரசி ஊற்றினார்கள், எதையும் அவர் விழுங்கவில்லை. பையன் வந்துவிட்டானா என்பது ஒன்றுதான் கேள்வி. பையன் தணிகாசலம், அஞ்சலைக்குத் தம்பி, அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வெகு வருஷத்துக்கு முன்னால் பிரெஞ்சுக்காரனின் இன்னொரு சீமையான சைகோனுக்குக் கப்பலேறிப் போனவன். இருக்கிறானா இல்லையா என்று ஒரு சேதியும் கிடையாது. நடிக்கத் தெரிந்த ஒருத்தர் வந்து தம்பியாக இருந்து ஒரு வாய் பால் ஊற்ற வேண்டும், அவர் நிம்மதியாகப் போய்விடுவார், அதுதான் அவள் கேட்டது. படுத்துக் கிடக்கிறவரைப் பார்க்கிறதைவிட நான் போய்ச் சேர்ந்துவிடலாம் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைக்காமல் அப்படியே நின்றாள்.

ராஜபார்ட்காரர், பாவம், தன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"எல்லாரும் கைய காட்டுங்கபா," என்றாள். "எங்கப்பாவுக்குக் கண்ணு தெரியாது. கையத்தான் தடவிப் பாப்பாரு."

ஒவ்வொருவர் கையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்து என் கையில் நின்றாள். இது ஏர் புடிச்ச கை மாதிரி இருக்குது, இவர அனுப்புங்க என்றாள். என் வாழ்க்கையில் நடிகனாக என்னை ஒருவர் தேர்ந்தெடுத்தது அதுதான் முதல் தடவை, அதுவும் கயிறு இழுத்த கைக்காக.

வாத்தியாருக்கு இஷ்டமில்லைதான், ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அரிதாரம் பூசாம போ. சாகப்போற மனுசன் முன்னால வேஷத்தோட நிக்கக்கூடாது," என்றார். முகத்தில் அரிதாரம் இல்லாமல் நான் நடிக்கப் போனது அன்றைக்குத்தான். துணைக்குப் பஞ்சுவையும் கூட்டிக்கொண்டேன். போகிற வழியில் சைகோனில் வேலை பார்த்துவிட்டு வந்த சொல்தா ஒருவர், பிரெஞ்சுப் பட்டாளத்துக் கிழவர், வீட்டில் உட்கார்ந்து, அந்த ஊர் எப்படி இருக்கும், ஆறு எப்படி, சாப்பாடு எப்படி என்றெல்லாம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டேன். கேள்வி வந்தால் பதில் வேண்டுமே.

நல்ல பகல் வேளை. வாசலில் புங்க மரம், மரத்தடியில் வண்டி. உள்ளே ஒரே அறை, அரை இருட்டு. கயிற்றுக் கட்டிலில் அவர் கிடந்தார், பெரிய எலும்பு, ஒரு காலத்தில் ஆள் வாட்டசாட்டமாக இருந்திருப்பார். கண் இரண்டிலும் வெள்ளை படர்ந்திருந்தது. கட்டில் ஓரத்தில் ஒரு முக்காலியைப் போட்டு என்னை உட்கார வைத்தாள் அஞ்சலை. எனக்குப் பின்னால் நெல் கொட்டுகிற பெரிய மண் குதிர். பஞ்சு வாசல்வரைக்கும் வந்தது தெரியும், உள்ளே வந்தாரா என்று நான் பார்க்கவில்லை. அஞ்சலை சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்: அப்பா, நான் தணிகாசலம் வந்திருக்கேன் என்று சொல்ல வேண்டும், பால் ஊற்ற வேண்டும், கும்பிட்டு எழுந்துவிட வேண்டும்.

நான் 'அப்பா' என்று சொல்ல வாயைத் திறந்தேன். இடது காதில் வரி விழுந்தது.

"அண்ணே, நான் வந்துட்டேண்ணே."

அப்படியே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் ஐயோ, பஞ்சு மாற்றிக் கொடுத்துவிட்டாரே என்று மனதில் ஓடியது. ஆனால் கட்டிலில் கிடந்தவரின் கை எழுந்தது, நம்பினால் நம்புங்கள், நாள் கணக்கில் தானாக எழும்பாத கை என்று அஞ்சலை சொன்ன கை, காற்றில் துழாவி என் கையைப் பிடித்துக்கொண்டது. காய்ப்பைத் தடவிப் பார்த்தது.

"எங்கடா போயிருந்த இத்தினி நாளா?"

நான் சைகோன் ஆற்றைப் பற்றிச் சொல்லத் தயாரானேன். அதற்குள் காதில் அடுத்த வரி வந்துவிட்டது, வாயும் சொல்லிவிட்டது. "எங்கியும் போவல. கிட்டதாண்ணே இருந்தேன். உன் மூஞ்சில முழிக்க முடியாம இருந்தேன்."

பஞ்சு எதையோ போட்டுக் குழப்புகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் கோபம்தான். பக்கத்திலிருந்து கள் வாசனை வேறு. பஞ்சுவுக்கு மூக்குப்பொடிதான் பழக்கம், பகலிலேயே கள்ளுக்கடைக்குப் போய்விட்டு வந்திருக்கிறாரா என்று நினைத்தேன். ஆனால் திரும்பவில்லை. பிரம்படி பட்ட தொடை, திரும்ப விடாது.

பெரியவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, இதுக்காகத்தான் இத்தனை நாள் கிடந்தேன் என்கிற மாதிரி கேட்டார். "செவலைய அவுத்து வுட்டது நீதானாடா?"

செவலை யார், அவிழ்த்துவிட்டது என்ன கதை, எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. கால்மாட்டில் நின்ற அஞ்சலையின் கையிலிருந்த பால் கிண்ணம் தளும்பியது மட்டும் கண்ணில் பட்டது. விவரம் தெரிந்த எந்த நடிகனும் அந்த இடத்தில், அதெல்லாம் இப்போது எதற்கு என்று மழுப்பியிருப்பான். எனக்கு மழுப்ப நேரம் கொடுக்கவில்லை அந்தக் குரல்.

"நான்தாண்ணே. குடிச்சிட்டு, சோளக்கொல்லையில மேய வுட்டுட்டு அசந்து தூங்கிட்டேன். பயந்துனு சொல்லல."

பெரியவர் கண்ணிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போனது. "இத சொல்ல இத்தினி நாளாடா உனக்கு," என்றார். திட்டவில்லை. பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரி சொன்னார். அஞ்சலை கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள், நான் ஊற்றினேன், மடக் மடக்கென்று குடித்தார். இன்னும் கொஞ்சம் சூடாக்கிக் கொண்டுவருகிறேன் என்று அவள் உள்ளே போனாள். அவள் திரும்பி வரும்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தார், நான் கும்பிட்டு எழுந்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அமைதியாகப் போய்விட்டார் என்று பிறகு சொன்னார்கள்.

வெளியே வந்தால் பஞ்சு புங்க மரத்தடியில் வண்டிக்காரனோடு உட்கார்ந்து பொடி போட்டுக்கொண்டிருக்கிறார். "இன்னாபா, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்றார். நல்ல வேளை நீ உள்ளே வந்தாய், ஆனால் யாரைக் கேட்டு அந்த வசனமெல்லாம் கொடுத்தாய் என்றேன். நான் எங்கே வந்தேன், சாவு வீட்டுக்குள்ளே எனக்கென்ன வேலை, வண்டிக்காரனைக் கேள் என்றார். வண்டிக்காரனும் ஆமாம், இவர் இங்கேயேதான் இருந்தார் என்றான். விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். பஞ்சுவின் முகத்தைப் பார்த்தேன், விளையாட்டு இல்லை.

அஞ்சலை பின்னாலேயே வந்துவிட்டாள். தம்பி அப்பாவை அண்ணே என்றுதான் கூப்பிடுவான், அதைச் சொல்ல எனக்கு மறந்தே போச்சு, உனக்கு யார் சொன்னது என்று கேட்டாள். செவலையைப் பற்றி யார் சொன்னது என்று கேட்டாள். பிறகுதான் கதையே எனக்குத் தெரிந்தது. செவலை என்பது அவர்களுடைய உழவு மாடு, பெரியவருக்கு உயிர். யாரோ ராத்திரியில் அவிழ்த்துவிட்டு, அது இளம் சோளப்பயிரை மேய்ந்து வயிறு உப்பிச் செத்துப்போனது. தணிகாசலம்தான் அவிழ்த்தான் என்று அப்பா தெருவில் வைத்து அவனைச் சாட்டையால் அடித்திருக்கிறார். அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, மறுநாள் ஊரைவிட்டுப் போனவன்தான். அன்றிலிருந்து, தப்பாக அடித்துவிட்டோமோ என்கிற ஒன்று அவரை அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

யாரோ பின்னால் நின்று சொன்னார்கள் என்றேன். அவள் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். நான் உட்கார்ந்த முக்காலிக்குப் பின்னால் குதிர், குதிருக்குப் பின்னால் சுவர். ஒரு பூனை நிற்கக்கூட இடமில்லை. அஞ்சலை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தம்பி செத்துட்டான்," என்றாள். "செத்து வந்துதான் பேசிட்டுப் போயிருக்கான்." கூட உட்காரவும் முடியவில்லை, கிளம்பவும் மனசு வரவில்லை. இரண்டு நாளில் கம்பெனி கொட்டகையைப் பிரித்துக்கொண்டு கிளம்பிவிட்டது, அத்தோடு பாகூரும் போனது.

அப்புறம் பேசும் படம் வந்தது, கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின, நானும் மற்றவர்களோடு மதராஸுக்கு ரயிலேறினேன். அங்கேயும் அதே கிழவன், அதே வாயிற்காப்போன். என்ன ஒன்று, படத்தில் என் உடைந்த குரலே எனக்குச் சோறு போட்டது. மைக்குக்கு அந்தக் கரகரப்பு பிடித்துவிட்டது. கதாநாயகன் பேர் தெரியாத சனங்களுக்குக்கூட, அந்த இருமுகிற அப்பா என்றால் தெரியும். ஓடிய படமும் உண்டு, ஓடாத படமும் உண்டு, நான் எல்லாவற்றிலும் இருப்பேன். பாகூர் விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி, மூளை கலங்கிப்போச்சு என்று இருக்கிற வேஷமும் போய்விட்டால்?

உலகச் சண்டை முடிந்து கப்பல்கள் மறுபடி வரத் தொடங்கிய காலம். ஊருக்கு வந்தவன் வில்லியனூர் தேருக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் ஒரு ஆள், தொப்பி, கித்தான் செருப்பு, சைகோன் ஆட்கள் மாதிரி உடுப்பு, நேராக வந்து என் தோளில் கை வைத்தான்.

"நீதானா எனக்குக் கருமாதி பண்ண வச்ச ஆளு?"

தணிகாசலம். உயிரோடு, வெற்றிலை போட்டுக்கொண்டு, நெற்றியில் வியர்வையோடு. டூரிங் கொட்டகையில் என் படம் ஓடியபோது அவன் அக்கா திரையைக் காட்டி, இவர்தாண்டா அன்றைக்கு வந்தவர் என்று சொல்லியிருக்கிறாள். சாயபு கடையில் உட்கார்ந்து டீ சொன்னோம். அவன் கோபமும் சிரிப்புமாகத்தான் பேசினான். அப்பாவுக்குக் காரியம் செய்தபோது அவனுக்கும் சேர்த்தே அஞ்சலை செய்துவிட்டாளாம். இவன் வந்து வாசலில் நின்றதும் அலறியிருக்கிறாள். அப்புறம் கிள்ளிப் பார்த்து, கருமாதி ஆனவன் திரும்பி வந்தால் செய்கிற முறை என்று தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கோயில் பூசாரியை வைத்துப் புதுப் பெயர் வைத்து, கொல்லைப்புற வழியாக உள்ளே விட்டிருக்கிறாள். சொந்த வீட்டுக்குள்ளே திருடன் மாதிரி நுழைந்தேன் என்றான்.

அவன் பேசப் பேச நான் கவனித்தது வேறு. அந்தக் குரல் இது இல்லை. ஜாடைகூட இல்லை. இது கணீரென்ற குரல். அன்றைக்கு என் காதில் விழுந்தது கொஞ்சம் மூக்கடைத்த, இழுத்துப் பேசுகிற குரல்.

அவன் முகம் மாறியது செவலை பேச்சு வந்தபோதுதான். நான் அவுக்கல, சாமி சத்தியமா நான் அவுக்கல என்றான். என்னைக் கேட்காமலே சாட்டையை எடுத்தாரு, அந்த ரோஷத்துல வாயைத் தொறக்கல, இன்னைக்கும் எங்கக்கா, நான்தான் அவுத்தேன்னு எங்கப்பா நெனச்சுக்கிட்டே போய்ட்டாருங்கறா, நான் இன்னா பண்ணுவேன், இனிமே யார்கிட்ட போய் இல்லன்னு சொல்லுவேன் என்றான். அவ்வளவு பெரிய மனுஷன் டீக்கடையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினான்.

கொஞ்சம் அடங்கியதும், அன்றைக்கு நடந்ததை வரி விடாமல் சொல்லச் சொன்னான். நடிகனுக்கு வரி மறக்குமா, சொன்னேன். எங்கேயும் போகவில்லை, கிட்டத்தான் இருந்தேன் என்ற இடத்தில் நிமிர்ந்தான். குடித்துவிட்டுத் தூங்கிவிட்டேன் என்ற இடத்தில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். நான் அப்போது சாராயம், கள் எதையும் தொட்டதில்லை என்றான். அப்பாவை ஏன் அண்ணே என்று கூப்பிட்டாய் என்று கேட்டேன். எங்கள் வீட்டில் ஒன்றாக இருந்த சித்தப்பா கூப்பிடுவார், அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது என்றான். கூட்டுக் குடும்பத்தில் பிள்ளைகள் அப்படித்தானே கூப்பிடும், எங்கள் வீட்டிலேயே உண்டு.

சித்தப்பா இப்போது எங்கே என்று கேட்டேன். நான் கப்பலேறின மறு வருஷமே ஏரி மதகுல வழுக்கி வுழுந்து போய்ட்டாராம் என்றான். குரல் கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி இருக்குமா என்றேன். தலையை மட்டும் ஆட்டினான். பிறகு அவனாகவே, அவரு அந்தக் குதிரோரமாத்தான் எப்பவும் படுப்பாரு என்றான்.

தேர் நிலைக்கு வரப் போகிறது என்று வெளியே சத்தம். அவன் காதில் அது விழவில்லை. கடைசியில் கேட்டான். "அண்ணே, நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. எங்கப்பா அன்னிக்கு என்கிட்ட பேசறதா நெனச்சாரா, சித்தப்பாகிட்ட பேசறதா நெனச்சாரா?"

அஞ்சலை பால் சூடாக்க உள்ளே போன அந்த இடைவெளியில் நடந்ததை நான் அதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை, பஞ்சுவிடம்கூட. இவனிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பால் குடித்த பிறகு பெரியவர் முகம் என் பக்கம் இல்லை. வெள்ளை படர்ந்த அந்தக் கண் என் இடது தோளுக்கு மேலே, குதிர் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படிப் பார்த்துக்கொண்டே கேட்டார். "முன்னாடி குந்தினு இருக்குதே, யாருடா அந்தப் புள்ள?"

காதில் உடனே வரி விழுந்தது. "கூத்தாடிப் புள்ளண்ணே. தணிகாசலம் மாதிரி நடிக்க வந்திருக்கு."

அந்த ஒரு வரியை மட்டும் நான் சொல்லவில்லை. சொன்னால் எல்லாம் கெட்டுப்போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடிவிட்டேன். நான் வாயைத் திறக்கவே இல்லை, எங்கம்மா மேல் ஆணையாக. ஆனால் பெரியவர், அப்படியா என்கிற மாதிரி தலையை ஆட்டினார். பிடித்திருந்த என் கையை இரண்டு தரம் தட்டிக் கொடுத்தார். "நல்லா நடிக்கிற," என்றார். "எம்புள்ள வந்தா சொல்லு. அவன அடிச்சது என் தப்புதான்னு சொல்லு."

வேஷம் கலைந்துவிட்டது என்கிற அவமானத்தில் அதை அன்றைக்கு விழுங்கிவிட்டேன், அந்தப் பிள்ளை எங்கே வரப்போகிறது என்றும் நினைத்தேன். இப்போது சொல்லிவிட்டேன். தணிகாசலம் என் கையை எடுத்து, அவன் அப்பா தட்டிக் கொடுத்த அதே கையை, முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். சாயபு ஒன்றும் கேட்காமல் புதிதாக இரண்டு டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். தணிகாசலம் கிளம்பும்போது, ஊருக்குப் போனதும் குதிரோரத்தில் ஒரு கலயம் கள் வைக்கப் போகிறேன், சித்தப்பா மேல் எனக்குக் கோபமில்லை, அவராவது வந்து சொன்னாரே என்றான். வைத்தானாம். அஞ்சலை சொல்லியனுப்பினாள்.

இப்போது நீங்கள் படத்தில் என்னைப் பார்த்திருந்தால், ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் நான் ஒரு கணம் நிறுத்துவதைக் கவனித்திருப்பீர்கள். அது எனக்கென்று ஒரு பாணி என்று சொல்கிறார்கள், பத்திரிகையில்கூடப் பாராட்டி எழுதியிருந்தார்கள். பாணியும் இல்லை, மண்ணும் இல்லை. வரி வருகிறதா என்று பார்க்கிறேன், வராவிட்டால் நானே சொல்கிறேன், அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு படத்தில் சாகக் கிடக்கிற அப்பாவாக நடித்தேன். மகனாக நடிக்கிற புதுப் பையன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான், பின்னால் வெறும் அட்டைச் சுவர். நல்ல பையன், ஆனால் தடுமாறுவான் என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்குத் தடுமாறவே இல்லை, மளமளவென்று பேசி முடித்தான். வெளியே வந்ததும் என்னிடம், நல்ல வேளை சார், பின்னால் நின்று எடுத்துக்கொடுக்க ஒருத்தரை ஏற்பாடு செய்தீர்கள், இல்லாவிட்டால் மாட்டிக்கொண்டிருப்பேன் என்று கையெடுத்துக் கும்பிட்டான். எந்தக் காதில் கேட்டது என்று மட்டும் கேட்டேன். அவன் இடது காதைத் தொட்டுக் காட்டினான்.